இருநூறு அட்டையும் ஒரு பாதமும்

சின்ன காஞ்சிபுரத்தில் 'சபாபதி கம்ப்யூட்டர்ஸ்' என்று பலகை மாட்டிய கடைக்குள் நுழைந்து பார்த்தால் மொத்தமே ஒரு கம்ப்யூட்டர்தான் இருக்கும். பிறகு எதற்குப் பலகையில் பன்மை என்று கேட்டால் சபாபதிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். "நாளைக்கே ரெண்டாவது வாங்கிட்டன்னா பலகைய யாரு மாத்தறது, நீ மாத்துவியா?" என்பார். இரண்டாவது வருகிற வரைக்கும் அந்த ஒன்றோடு ஒரு ஜெராக்ஸ் மெஷினும், ஒரு கலர் பிரிண்டரும், கண்ணாடிக் கூண்டுக்குள் ஓர் எஸ்.டி.டி. போனும் கடையை ஒப்பேற்றிக்கொண்டிருந்தன.

இவை தவிர மூலையில் ஒரு சுழல் நாற்காலி. கடையிலிருந்து வந்தபடி பாலிதீன் உறைகூடக் கழற்றாமல் இருந்தது. அதில் யாரும் உட்காரக் கூடாது. வாலாஜாபாத்திலிருந்து ஓர் ஆர்ட்டிஸ்ட் வரப்போகிறார், கோரல் டிரா சாப்ட்வேரில் புலி, படம் வரைவார், டிசைன் போடுவார், அவருக்காக வாங்கியது. புலி வருகிற வரைக்கும் கம்ப்யூட்டருக்கு முன்னால் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது தையல்நாயகி.

தையல்நாயகிக்கு இருபத்திரண்டு வயது. பிள்ளையார்பாளையத்து நெசவு வீட்டுப் பெண். அப்பா குமரகுரு தறியில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். மகளுக்கும் அந்தப் பிடிவாதம் இருந்தது, ஆனால் அது கம்ப்யூட்டர் மேல். ஆறு மாதம் கோர்ஸ் படித்துவிட்டு இந்தக் கடைக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பத்திரம், பயோடேட்டா, பேருந்து நிலையத்தில் குடிநீர் வேண்டி ஆட்சியருக்கு மனு, எதுவானாலும் அவள் விரல் பட்டால் பிழையில்லாமல் வரும். ஆனால் ஆர்ட்டிஸ்ட் வந்த அன்றைக்கு அவள் ஜெராக்ஸ் மெஷினுக்குப் போய்விட வேண்டும் என்று சபாபதி சொல்லிவிட்டார். பச்சை வெளிச்சம் போவதும் வருவதுமாக இருக்கிற அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் ஆயுசுக்கும் நிற்பதை நினைத்தாலே அவளுக்கு அழுகை முட்டும்.

"ஏன்ணா, படம் நானே வரையறனே," என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள்.

"எதுல?"

"வேர்டுல."

சபாபதி சிரித்த சிரிப்பில் போன் பேசிக்கொண்டிருந்தவர் கூண்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். "வேர்டுல லெட்டர் அடிக்கலாம்மா. படம் போடறதுக்கா வச்சிக்கினு இருக்கான்? இட்லிக் குண்டான்ல மீன் புடிக்கறன்றியே!"

இதற்கு மேல் அவரிடம் பேசிப் பயனில்லை. ஆனால் தையல்நாயகிக்குத் தெரிந்த ரகசியம் ஒன்று அவருக்குத் தெரியாது. வேர்டில் திரையின் அடியில் 'ஆட்டோஷேப்ஸ்' என்று ஒரு பட்டன் உண்டு. அதற்குள் போனால் கோடுகள், கோடுகளுக்குள் போனால் கோணல்மாணலாக ஒரு சின்னப் படம். அதைத் தொட்டுவிட்டுத் தாளில் ஓரிடத்தில் அழுத்தினால் ஒரு புள்ளி. தள்ளிப் போய் இன்னொன்று. இப்படியே புள்ளி புள்ளியாகச் சுற்றி வந்து, ஆரம்பித்த புள்ளியிலேயே கொண்டுபோய் முடித்தால் வெறுங்கோடாக இருந்தது சட்டென்று ஓர் உருவமாகிவிடும். பிறகு பெயின்ட் வாளி படத்தை அழுத்தி எந்த நிறத்தை வேண்டுமானாலும் அதற்குள் ஊற்றலாம். ஒரு சொட்டு வெளியே சிந்தாது. முடித்த பிறகும் விட்ட குறை தொட்ட குறை இருந்தால், எந்தப் புள்ளியையும் பிடித்து இழுத்து நகர்த்திக்கொள்ளலாம்.

சபாபதி மத்தியானம் சாப்பிடப் போகிற நேரமெல்லாம் அவளுக்குத் திருவிழா. மாங்காய் வரைந்தாள், கிளி வரைந்தாள். சபாபதியின் பக்கவாட்டு முகத்தையே மீசையோடு வரைந்து உள்ளே நிரப்ப ஏதாவது கோலம் கிடைக்குமா என்று தேடினாள். தேடிய பட்டியலில் ஒன்றுக்குப் பெயர் 'வீவ்'. நெசவாம்! பிள்ளையார்பாளையத்துக்காரிக்கு எவனோ கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு நெசவு காட்டுகிறான் என்று தனியாக உட்கார்ந்து சிரித்தாள். முதலாளியின் முகம் முழுக்க அந்த நெசவையே நிரப்பி, பார்த்து ரசித்து, அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் சேமிக்காமல் மூடிவிட்டாள்.

இப்படி இருக்கையில் ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பெரியவர்கள் இருவர் கடைக்குள் வந்தார்கள். ஒருவர் கிருஷ்ணஸ்வாமி, சன்னதித் தெருக்காரர், ஓய்வுபெற்ற சமஸ்கிருத வாத்தியார். அவர் பெண் ஜாஹ்னவிக்குக் கல்யாணம். கூட வந்தவர் அழகியமணவாளன், மாப்பிள்ளை ஸ்ரீசரணின் அப்பா. கல்யாணத்துக்கு இன்னும் மூன்றே வாரம் இருந்தது. சம்பந்திகள் ஜோடியாக வந்தார்களே, என்ன ஒற்றுமை என்று நினைத்துவிட வேண்டாம். மற்றவர் தம் பத்திரிகையில் என்ன அடித்துவிடுவாரோ என்ற பயத்தில் வந்தவர்கள்.

வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இருவரும் ஐயங்கார்தான். உள்ளே போனால் கிருஷ்ணஸ்வாமி வடகலை, மணவாளன் தென்கலை. வடகலை நாமம் 'ப' எழுத்து மாதிரி புருவ மத்தியோடு நின்றுவிடும். தென்கலை நாமத்துக்கு அதன் அடியில் மூக்குவரை இறங்குகிற ஒரு பாதம் உண்டு. இந்தப் பாதம் உண்டா இல்லையா என்பதில் பெரியவர்கள் பல தலைமுறையாக வாதம் செய்து வந்திருக்கிறார்கள். பிள்ளையும் பெண்ணும் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாமல் சம்மதித்துவிட்டார்கள். அப்பாக்களுக்குத்தான் மண்டப வாசலில் எந்த நாமம் என்பதில் தொடங்கி எல்லாவற்றிலும் இழுபறியாக இருந்தது. கடைசியில் அவரவர் பத்திரிகையை அவரவர் அடித்துக்கொள்வது என்று முடிவாயிற்று.

"உள்ளே அச்சடிக்க வேண்டிய வாசகம் இது," என்று கிருஷ்ணஸ்வாமி ஒரு தாளை நீட்டினார். "மேலட்டையில வெறும் நாமம் மட்டும் பெரிசா, களையா இருக்கணும். இருநூறு போறும். முதல் பத்திரிகையை வெள்ளிக்கிழமை பெருமாள் திருவடியில வைக்கணும்."

"படத்துக்கு ஆளு அடுத்த வாரம்தான் வர்றாரு சார்," என்று சபாபதி தலையைச் சொறிந்தார்.

"அடுத்த வாரம் ஆகாதே. அப்ப வேற கடை பாத்துக்கறேன்."

"நான் வரையறேன் சார்," என்றாள் தையல்நாயகி.

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்றே அவளுக்குத் தெரிந்தது. சபாபதி கண்ணாலேயே ஸ்டூலோடு சேர்த்து அவளைத் தூக்கி வெளியே வைத்தார். ஆனால் வந்த கிராக்கியை விடவும் மனசில்லை. "வரையட்டும் சார். பாத்துட்டுச் சொல்லுங்க," என்று இழுத்தார்.

கிருஷ்ணஸ்வாமி பென்சிலை வாங்கிக்கொண்டு வாசகத்தைக் கடைசியாக ஒரு முறை திருத்தக் குனிந்தார். அவருக்குத் திருத்தாமல் இருக்க முடியாது, நாற்பது வருஷ வாத்தியார் உத்தியோகம். குனிந்த தலையில் வழுக்கைதான் தெரிந்தது. மணவாளன் எதிர் பெஞ்சில் டியூப்லைட்டுக்கு நேர் கீழே உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டார். அகலமான நெற்றி, அதில் பளிச்சென்று நாமம், நடுவே சிவப்புக் கோடு. வீணாய்ப் போன ஜெராக்ஸ் தாளின் பின்பக்கத்தில் தையல்நாயகி அதை அப்படியே வரைந்துகொண்டாள்.

அவளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. திருநீறு பூசுகிற வீட்டில் பிறந்தவள். தினமும் பஸ்ஸில் பத்து நாமம் பார்க்கிறாள்தான். பக்கத்து வீட்டு உலையில் என்ன அரிசி என்று யார் எட்டிப் பார்க்கிறார்கள்? அவளுக்கு நாமம் என்றால் நாமம்.

பெரியவர்கள் போனதும் வேலையைத் தொடங்கினாள். ஜெராக்ஸ் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புள்ளி புள்ளியாகப் போனாள். இடது கொம்பு மேலே போய், உள்பக்கமாக இறங்கி, வலது கொம்பு ஏறி, வெளிப்பக்கமாகத் திரும்பி, அடியில் பாதத்தின் நுனிக்கு ஒரு புள்ளி வைத்து, பிறகு ஆரம்பித்த இடம். முப்பத்தெட்டு புள்ளி. கொம்புகள் முரடாக இருந்த இடத்தில் புள்ளிகளை ஒவ்வொன்றாக இழுத்து வளைத்தாள். நடுவே சிவப்புக் கோட்டைத் தனி உருவமாக வரைந்து அரக்குச் சிவப்பை ஊற்றினாள். எல்லாம் சரி, நாமத்துக்கு வெள்ளை ஊற்றியதும் நாமத்தையே காணோம். வெள்ளை அட்டையில் வெள்ளை நாமம் எப்படித் தெரியும்? பிரிண்டரில் வெள்ளை மை என்று ஒன்று கிடையவும் கிடையாது.

கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்தது. நாமத்துக்கு நிறம் எதற்கு? சுற்றிலும் நிறம் போட்டால் போதாதா? கோயில் விளக்கு மாடம் மாதிரி ஒரு பெரிய உருவம் வரைந்து, அதில் மெரூன் நிறத்தை நிரப்பி நாமத்துக்குப் பின்னால் தள்ளினாள். வெள்ளை அட்டையே நாமமாகி நிமிர்ந்து பார்த்தது. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. எழுந்து நின்று, தள்ளிப் போய் வாசலிலிருந்து ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தாள்.

சபாபதியும் பார்த்தார். "வேர்டுலயா போட்ட?" என்றார். "சரி, நான் சாப்ட்டு வந்துர்றேன். அவர் வந்தா காட்டிட்டு அடி. அவசரப்படாத."

இங்கேதான் சனி பிடித்தது. மூன்று மணிக்கு மேல் கரண்ட் இருக்காது என்று காலையிலேயே சொல்லியிருந்தார்கள். கிருஷ்ணஸ்வாமியைக் காணோம். அவர் வந்து 'ஆகா' என்று சொல்லும்போது இருநூறு மேலட்டையும் அடுக்கி வைத்திருந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு வந்த பிறகு அவள் கையை அவளாலேயே பிடித்து நிறுத்த முடியவில்லை. பிரிண்டர் கர்ர் கர்ர் என்று துப்பத் தொடங்கியது. கரண்ட் போகும்போது இருநூறாவது அட்டை, படம் முழுக்க விழுந்து, பாதி வெளியே வந்திருந்தது. அதையும் மெல்ல இழுத்து எடுத்துவிட்டாள்.

நாலு மணிக்கு வந்தது கிருஷ்ணஸ்வாமி அல்ல, அவர் மனைவி மங்கை. கோயிலிலிருந்து வருகிற வழியில், கையில் துளசியும் பூவுமாக எட்டிப் பார்த்தார். "எங்காத்து மாமா பத்திரிகைக்குக் குடுத்தாராமே, எங்க காட்டு."

தையல்நாயகி ஓர் அட்டையை எடுத்து வாசல் வெளிச்சத்தில் நீட்டினாள். மங்கையின் முகம் மலர்ந்தது. பிறகு மலர்ந்தது அப்படியே நின்றது. பிறகு புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"பெருமாளே! பாதம் போட்டிருக்கியேடி கொழந்தே!"

"பாதமா?"

"இது சம்பந்தியாத்து நாமம். எங்களுக்குப் பாதம் கிடையாது." மங்கை சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் பெஞ்சில் உட்கார்ந்தார். "இவர் பாத்தா ஆகாசத்துக்கும் பூமிக்கும் குதிப்பாரே. மண்டபத்துல பாதம் வரப்படாதுன்னு மூணு மாசமா மல்லுக்கட்டிண்டிருக்கார். இப்ப சொந்தப் பத்திரிகையிலயே வந்துடுத்து. நாளைக்குக் காலம்பற வரார். அதுக்குள்ள ஏதாவது பண்ணு, நான் பாத்ததா சொல்லாதே."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தால்கூடத் தேவலை. இங்கே பிடித்தது பெருமாளைத்தான், ஆனால் அவர் அடுத்த வீட்டுப் பெருமாளாகப் போய்விட்டார். சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வந்த சபாபதி விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். "காட்டிட்டு அடின்னு சொன்னனா இல்லியா? இருநூறு அட்டை! புது மை! நாளைலருந்து ஜெராக்ஸ்ல நில்லும்மா. கம்ப்யூட்டர தொடாத. வாலாஜாபாத்காரன நாளைக்கே வரச் சொல்றேன்."

தப்பு அவளுடையதுதான். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று புலப்பட்டது. நாமத்தில் மை இல்லை, பாதத்திலும் மை இல்லை, அது வெறும் அட்டைதான். அங்கேயும் மெரூன் நிறத்தை நிரப்பிவிட்டால்?

"அண்ணா, இன்னிக்கு ஒரு நாள் தொட உடுங்க. கெட்டத நானே சரி பண்ணிடறேன்."

ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது. படத்திலிருந்து பாதத்தை மட்டும் அதே அளவில் ஒரு தனி உருவமாக வரைந்து, அதே மெரூனை ஊற்றினாள். அடித்த அட்டையை மறுபடியும் பிரிண்டருக்குள் விட்டு, பாதம் இருந்த இடத்தில் மட்டும் மை விழும்படி செய்ய வேண்டும். மயிரிழை தவறினாலும் வெள்ளை எட்டிப் பார்க்கும். கோர்வைச் சேலையில் கரையும் உடலும் சேர்கிற இடத்தில் அப்பா கண்ணை இடுக்கிக்கொண்டு செய்கிற வேலை இது. முதல் அட்டையில் மை மூக்குக்குப் பதில் கன்னத்தில் விழுந்தது. தட்டில் காகிதத்தை மடித்து முட்டுக் கொடுத்தாள். ஆறாவது ஏழாவது அட்டை சரியாக உட்கார ஆரம்பித்தது. பன்னிரண்டாவது அட்டையில் பாதம் போன இடமே தெரியவில்லை. கடை சாத்துகிற நேரமாகிவிட்டதால் சபாபதி மீதியைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவர் குரல் பாதி இறங்கியிருந்தது.

மறுநாள் காலை கடை திறந்ததும் திறக்காததுமாகக் கிருஷ்ணஸ்வாமி வந்துவிட்டார். தையல்நாயகி அந்தப் பன்னிரண்டாவது அட்டையை நீட்டினாள்.

"பலே! வெள்ளை வெளேர்னு எப்படிப் பண்ணினே?" என்று அவர் அட்டையை வாசலுக்கு எடுத்துப் போனார். வாத்தியார் கண் சும்மா இருக்குமா? வெயிலில் சாய்த்துப் பிடித்தார், நிமிர்த்தினார், மறுபடி சாய்த்தார். மையின் மேல் மை விழுந்த விளிம்பு மட்டும் கொஞ்சம் கறுத்து, ஒரு மெல்லிய கோடாகத் தெரிந்தது. "இங்க அடியில என்னமோ மூடியிருக்கே?"

"அது ஒண்ணியும் இல்ல சார்," என்று சபாபதி முந்திக்கொண்டார். "மை காயறதுக்குள்ள எடுத்துட்டா அப்டித்தான் ஆவும்."

தலையை ஆட்டிவிட்டால் பிழைத்துப்போகலாம். தையல்நாயகிக்கு அது நன்றாகவே தெரிந்தது. கம்ப்யூட்டரை ஒரு தடவை பார்த்தாள்.

"பாதம் சார். நான்தான் தப்பா வரைஞ்சிட்டேன். உங்ககிட்ட காட்டாம இருநூறும் அடிச்சிட்டேன். அப்புறம் மூடி வச்சேன். அண்ணன் மேல தப்பு இல்ல."

சபாபதி கண்ணை மூடிக்கொண்டார். கிருஷ்ணஸ்வாமி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். "மூடாதது ஒண்ணு எடு," என்றார். எடுத்துக் கொடுத்தாள். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அவர் தோள் குலுங்கத் தொடங்கியது. கோபம் வந்தால் இவருக்கு இப்படித்தான் வருமோ என்று தையல்நாயகி பயந்துபோனாள். அப்புறம்தான் தெரிந்தது, மனுஷர் சிரிக்கிறார். கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார்.

"இது மணவாளன் நெத்தின்னா! இடதுபக்கம் சாய்ஞ்சிருக்கு பாரு! கண்ணாடி பாக்காம போட்டுண்டு அறுபது வருஷமா சாய்ஞ்சே இருக்கு. நிச்சயதார்த்தத்தன்னிக்கே பாத்தேன். சொன்னா சண்டை வருமேன்னு வாயை மூடிண்டு இருந்தேன்!"

சபாபதிக்கு உயிர் வந்தது. "மூடினது நல்லாத்தானே சார் இருக்குது? மீதியையும் மத்தியானத்துக்குள்ள மூடிக் குடுத்துர்றோம்."

"கூடாது."

சிரிப்பு நின்றுவிட்டது. கிருஷ்ணஸ்வாமி அட்டையை மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்தப் பாதம் தேவையில்லேன்னு நான் விவரம் தெரிஞ்ச நாளா வாதாடிண்டிருக்கேன். நாளைக்கும் வாதாடுவேன். வாதாடறது வேற. வச்ச பாதத்தை அழிக்கறது வேற. அது அவாளுக்குப் பெருமாள் திருவடிம்மா. அதை மறைச்சு மை பூசி என் பொண்ணுக்கு நான் பத்திரிகை அடிக்க மாட்டேன்." எழுந்து கண்ணாடிக் கூண்டைக் காட்டினார். "அந்தப் போனைப் போட்டுக் குடு."

போனில் அவர் பேசியதைத் தெருவே கேட்டது. "ஓய் மணவாளன்! உம்ம நாமம் கிட்டத்தட்ட இருநூறு இங்க கடையில கிடக்கு. வந்து எடுத்துண்டு போம்... விளையாட்டில்லை ஓய், வாரும்!"

இருபது நிமிடத்தில் மணவாளன் டி.வி.எஸ். ஃபிஃப்டியில் வந்து இறங்கினார். இதில் என்ன சூழ்ச்சியோ என்கிற முகத்தோடு அட்டையை வாங்கினார். பார்க்கப் பார்க்க முகம் இளகியது. "நன்னா இருக்கே... பாதம்கூட லட்சணமா இறங்கியிருக்கே... ஏன் சாய்ஞ்சிருக்கு?"

"உம்மது சாய்ஞ்சிருக்கு. பொண்ணு உள்ளதை உள்ளபடி வரைஞ்சிருக்கா."

மணவாளன் நம்பவில்லை. கூண்டின் கண்ணாடி முன்னால் போய் நின்று இப்படியும் அப்படியும் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். திரும்பி வந்து அட்டைக் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "இருக்கட்டும். என்னை மாதிரியே இருக்கு. உள்ளே எங்க வாசகத்தை அடிச்சுக் குடு, வேற எங்கயும் நான் குடுக்கப்போறதில்லே."

"இப்ப எனக்குப் போடு," என்று கிருஷ்ணஸ்வாமி டியூப்லைட்டுக்குக் கீழே போய் விறைப்பாக உட்கார்ந்தார். "பாத்துக்கோ. நேரா இருக்கு."

சபாபதி தடுக்கவில்லை. தையல்நாயகி ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். படத்தை இன்னொரு ஃபைலாகச் சேமித்து, சாய்ந்த கொம்புகளின் புள்ளிகளை நகர்த்தி நேராக்கினாள். பிறகு பாதத்தின் நுனிப் புள்ளிமேல் மவுஸை வைத்து, அந்தப் புள்ளியை எடுத்தாள். பாதம் மேலே போய் நாமத்தோடு கலந்தது.

"அழிச்சுட்டியா?" என்று பதறி எழுந்தவர் கிருஷ்ணஸ்வாமிதான்.

"இல்ல சார். அவங்களது தனியா பத்திரமா இருக்குது. இது உங்களது." அவள் ஒரு விசையைத் தட்டினாள். திரையில் பாதம் வந்தது. மறுபடி தட்டினாள், போயிற்று.

"இன்னொரு தடவை காட்டு," என்றார் கிருஷ்ணஸ்வாமி.

வந்தது, போயிற்று. "அங்கேயே நிறுத்தேன், கொஞ்ச நேரம் இருக்கட்டுமே," என்றார் மணவாளன், பாதம் வந்த சமயம் பார்த்து. "ஏன், போனதும் நன்னாத்தானே இருக்கு," என்றார் கிருஷ்ணஸ்வாமி. இரண்டு பேரும் திரைக்கு முன்னால் குனிந்து சின்னப் பிள்ளைகளாக மாறி மாறித் தட்டச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"ஒரே ஒரு புள்ளிதான் சார் வித்தியாசம்," என்றாள் தையல்நாயகி சந்தோஷம் தாங்காமல்.

"அப்படி இல்லை!" என்றார்கள் இருவரும்.

மூன்று மாதத்தில் சம்பந்திகள் ஒரே குரலில் சொன்ன முதல் வார்த்தை அதுதான். சொல்லிவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "விஷயம் நிறைய இருக்கும்மா, சொன்னா சாயங்காலம் ஆயிடும்," என்று கிருஷ்ணஸ்வாமி சமாளித்தார். மணவாளன் ஆமாம் என்று தலையாட்டினார். அதோடு விட்டார்களா? மண்டப வாசல் பேனரும் இவளே போடட்டும், இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று, இரண்டும் சமமான உயரம் என்று அங்கேயே பேசி முடித்தார்கள். மூன்று மாதமாக இழுத்த இழுபறி அரை நிமிடத்தில் தீர்ந்தது.

புறப்படும்போது கிருஷ்ணஸ்வாமி வாசலில் நின்று திரும்பினார். "உன் கல்யாணப் பத்திரிகைக்கு நீயே வரைஞ்சுப்பியோ? உங்களவாளுக்குத் திருநீறு இல்லியோ?"

"அதுக்கு இவ்ளோ வேலையே இல்ல சார். மூணு ரெக்டாங்கிள் போட்டா முடிஞ்சிச்சு."

இரண்டு பெரியவர்களும் சிரித்துக்கொண்டே ஒரே வண்டியில் ஏறினார்கள். டி.வி.எஸ். ஃபிஃப்டி பாவம், முனகிக்கொண்டே தெருமுனை திரும்பியது.

சபாபதி கூண்டுக்குள் போய் வாலாஜாபாத்துக்குப் போன் போட்டார். "வர வேணாம்பா... இல்லல்ல, ஆளு இருக்குது... வேர்டுலதான்... அட, உனக்குச் சொன்னா புரியாது." வெளியே வந்தவர் மூலைக்குப் போய்ச் சுழல் நாற்காலியின் பாலிதீன் உறையைப் பரபரவென்று கிழித்தார். பிளாஸ்டிக் ஸ்டூலைக் காலால் நகர்த்திவிட்டு, நாற்காலியைக் கம்ப்யூட்டருக்கு முன்னால் உருட்டிக்கொண்டு வந்தார்.

"உக்காரும்மா. ஆனா இனிமே காட்டிட்டுத்தான் அடிக்கணும்."

"சரிண்ணா."

தையல்நாயகி உட்கார்ந்தாள். உயரமான ஆளுக்கென்று வாங்கிய நாற்காலி. அவள் கால் தரையில் படவில்லை. உயரத்தைக் குறைக்கிற பிடி எங்கேயாவது இருக்கும், ஆனால் அவள் அதைத் தேடவில்லை. ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மணவாளன் வீட்டு வாசகத்தை அடிக்க ஆரம்பித்தாள்.